எஃப்.ஐ.ஆரிலிருந்து தொடங்குங்கள்: இந்தியக் குற்ற, உளவுத் திரில்லர்களுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

திரில்லர் என்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் வரும் ட்விஸ்ட் என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலானோர் உள்ளே வருகிறார்கள். நாலைந்து படம் பார்த்ததும் ட்விஸ்ட்டை ஊகிக்கப் பழகிவிடும்; அதோடு ஆர்வமும் வற்றிவிடும். இந்தியக் குற்றக் கதைகளின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. உளவுத் துறை அதிகாரிக்குக் கைது செய்யும் அதிகாரமே கிடையாது. இந்தக் கட்டுகளுக்குள் நின்றுகொண்டு ஒரு ஆள் என்ன செய்கிறார், எந்தக் கட்டை எப்போது அறுக்கிறார் என்பதில்தான் பதற்றம் இருக்கிறது. கட்டு எது என்று தெரியாதவருக்கு அந்தப் பதற்றம் பாதிதான் போய்ச் சேரும்.

ஆகவே கொஞ்சம் சட்டம், எட்டுப் படம், ஒரு தொடர், நாலு புத்தகம் என்று இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மாதத்தில் முடித்துவிடலாம். எந்தக் கதையின் முடிவையும் இங்கே உடைக்கவில்லை.

முதல் வேலை: ஒரு எஃப்.ஐ.ஆர். படிப்பது

படம் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல் துறையின் தளத்திலும் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி உண்டு. ஏதாவது ஒரு திருட்டு வழக்கை எடுத்துக்கொண்டாலே போதும்.

அந்தப் படிவத்தின் தலையில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண். அடுத்து சட்டப் பிரிவுகள். அதற்குக் கீழே சம்பவம் நடந்த நாள், நேரம். பிறகு ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நாள், நேரம். சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று ஒரு கட்டம். புகார்தாரர் யார், சந்தேக நபர் யார் என்பதற்குக் கட்டங்கள். தாமதமாகப் புகார் கொடுத்திருந்தால் காரணம் எழுத ஒரு கட்டம். கடைசியில், அறிக்கை கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட நாள், நேரம்.

இதில் மூன்று நேரங்களைப் பென்சிலால் சுழித்துக்கொள்ளுங்கள்: நடந்த நேரம், தகவல் வந்த நேரம், கோர்ட்டுக்குப் போன நேரம். கொலை இரவு ஒன்பதுக்கு என்கிறது ஒரு கட்டம். ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர் தூரம் என்கிறது இன்னொன்று. தகவல் வந்தது காலை ஆறு மணிக்கு. கோர்ட்டுக்குப் போனது மறுநாள் சாயங்காலம். இரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒன்பது மணி நேரமா? அந்த இடைவெளியில் உட்கார்ந்து பேசி, வேண்டாதவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் தன் வாதத்தை ஆரம்பிப்பார். நல்ல குற்றக் கதை எழுதுபவர்கள் இந்தக் கட்டங்களை மனதில் வைத்துத்தான் கதை பின்னுகிறார்கள். இனி திரையில் ஒரு போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கும்போது உங்கள் கண் அங்கே போகும்.

கூடவே இரண்டு சொற்கள். தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் எஃப்.ஐ.ஆர். போடாமல் 'சி.எஸ்.ஆர். காப்பி' கொடுத்து அனுப்புவார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான ரசீது அது. வழக்குப் பதிவானதாக அர்த்தமில்லை. 'இது எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்பும் காட்சி வந்தால், எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று ஒன்று இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்புகிறவர் ஏதோ காரணத்தோடுதான் அனுப்புகிறார்.

எண்களைப் பற்றிக் குழம்பாதீர்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டன. அதனால் பழைய படத்தில் '302 போடு' என்றால் கொலை. இன்றைய எண்ணில் அது 103. கொலை முயற்சி 307, இப்போது 109. ஏமாற்றுக்கு நம் பேச்சிலேயே ஏறிவிட்ட 420, இப்போது 318-க்குள் போய்விட்டது. சந்தேக மரணத்துக்குப் போடும் 174, இப்போது 194. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். 2025-ல் நடக்கிற குற்றத்துக்கு ஒரு கதாபாத்திரம் 302 என்று எழுதினால் எழுத்தாளர் வீட்டுப்பாடம் செய்யவில்லை; வாயால் 302 என்று சொன்னால் பரவாயில்லை, ஸ்டேஷனில் இன்னும் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு.

தோள்பட்டையையும் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு நட்சத்திரம் சப்-இன்ஸ்பெக்டர். மூன்று நட்சத்திரத்தோடு சிவப்பு-நீல நாடா இருந்தால் இன்ஸ்பெக்டர். நாடா இல்லாமல் மூன்று நட்சத்திரம் என்றால் டி.எஸ்.பி.; மாநகரத்தில் அவரே ஏ.சி. அசோகச் சின்னம் வந்துவிட்டால் கூடுதல் எஸ்.பி. தரம், அதற்கு மேல். ஒரு அறைக்குள் யார் எழுந்து நிற்கிறார், யார் உட்கார்ந்தே இருக்கிறார் என்பது பல படங்களில் வசனத்தைவிட அதிகம் சொல்லும்.

வாக்குமூலமும் மகஜரும்

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இந்தியக் குற்றக் கதையின் பாதி விளங்கிவிடும். போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் 'நான்தான் செய்தேன்' என்று சொன்னால் அது சாட்சியமாகாது. அடித்து வாங்கியிருப்பார்கள் என்ற பயத்தில் 1872-ம் ஆண்டுச் சட்டமே 25-வது பிரிவில் அதைத் தடுத்துவிட்டது; புதிய சட்டத்திலும் அது 23-வது பிரிவாக நிற்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் தானாக முன்வந்து சொன்னால்தான் செல்லும்.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பழைய எண்ணில் 27-வது பிரிவு. குற்றவாளி சொன்னதை வைத்துப் போய்ப் பார்த்ததில் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் கண்டுபிடிக்கக் காரணமான பேச்சு மட்டும் செல்லும். 'கத்தியால் குத்திக் கொன்றேன், கத்தியைக் கிணற்றடிப் புதரில் போட்டேன்' என்று ஒருவன் சொன்னால், 'குத்திக் கொன்றேன்' என்ற பகுதி அடிபட்டுப் போகும். 'புதரில் போட்டேன்' மட்டும் நிற்கும். அதனால்தான் படங்களில் குற்றவாளியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புதருக்குப் போகிறார்கள். கூட இரண்டு பேர் கையெழுத்துப் போட நிற்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். பொருளைக் கைப்பற்றியதை எழுதிவைக்கும் அந்த மகஜரில் கையெழுத்துப் போட்டவர் கோர்ட்டில் வந்து 'ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்' என்று சொல்லிவிட்டால் அவர் பிறழ்சாட்சி. வழக்கு ஆட்டம் காணும்.

இதைத் தெரிந்துகொண்டபின் அடித்து உதைத்து உண்மையை வரவழைக்கும் ஹீரோ போலீஸ் காட்சிகள் வேறு மாதிரித் தெரியும். அந்த அடியில் கிடைத்ததை எந்தக் கோர்ட்டும் வாங்காது. புதரில் கத்தி இருந்தால்தான் உண்டு. இல்லாத கத்தியை அங்கே வைப்பதற்கான ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதும் புரியும்.

காவலுக்கும் கணக்கு உண்டு. போலீஸ் கஸ்டடி மொத்தம் 15 நாள்தான். குற்றத்தின் கனத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதிக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைத்துவிடும். 89-வது நாள் இரவு என்பது எந்த வெடிகுண்டு டைமருக்கும் குறைந்ததில்லை. இதைப் பயன்படுத்தும் படங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது இந்த வகையை நேசிக்கிற எவருக்கும் உள்ள ஆதங்கம்.

கைதியின் முகத்தைத் துணியால் மூடி அழைத்து வருவதற்கும் காரணம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் நடக்கும் அடையாள அணிவகுப்பில் சாட்சி அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்பே டி.வி.யில் முகம் வந்துவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பில்லை.

குற்றப் படங்கள்: இந்த வரிசையில்

'அந்த நாள்' (1954) முதலில். எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்தது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் அந்தக் காலத்தில் வந்தது என்பதே பெரிய துணிச்சல். 1943 அக்டோபர் 11-ம் தேதி ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு போட்டது வரலாறு. அந்தப் பின்னணியில் ஒரு வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சி.ஐ.டி. அதிகாரி சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரையும் பேசவிட்டுக் கேட்கிறார். ஒரே வீடு, ஒரே பிணம், வேறு வேறு கதைகள். குற்றக் கதையும் உளவுக் கதையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் படம் என்பதால் வாசலாக இதைவிடப் பொருத்தமானது கிடையாது. கறுப்பு வெள்ளை என்று தள்ளிவைக்காதீர்கள். ஒவ்வொரு சாட்சியும் பேசும்போது கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017), எச். வினோத் இயக்கியது. நெடுஞ்சாலையோர வீடுகளில் புகுந்து கொலை செய்து கொள்ளையடித்த கும்பலைத் தமிழ்நாடு போலீஸ் தனிப்படை வடமாநிலங்கள் வரை தேடிப்போன உண்மைச் சம்பவம்தான் இதற்கு அடிப்படை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் கொல்லப்பட்டதும் அந்த வரிசையில் ஒன்று. படத்தில் ரசிக்க வேண்டியது கைரேகை வேலையை. ஒரு மாநிலத்தில் கிடைத்த ரேகையை இன்னொரு மாநில ஆவணங்களோடு ஒப்பிட ஆள் அலைகிறான், பணம் இல்லை, மொழி தெரியாது, உள்ளூர் போலீஸ் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. இந்தியப் புலனாய்வின் உண்மையான எதிரி தூரம்தான் என்று காட்டிய படம் அது. ஆனால் ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை போலக் காட்டும் இடங்களில் அது தவறுகிறது. அந்த வகைப்பாட்டை 1871-ல் சட்டமாக்கியது வெள்ளையர் ஆட்சி. சுதந்திர இந்தியா அதை 1952-ல் ஒழித்தது. படத்தை ரசிக்கும்போதே இதையும் தெரிந்துகொண்டு ரசிக்க வேண்டும்.

அதனால்தான் 'விசாரணை'யை உடனே அதன் பின்னால் வைக்கிறோம். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' என்ற நூலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. ஆந்திராவில் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்கள், முடிக்க வேண்டிய ஒரு வழக்கு, ஒப்புதல் வாங்க வேண்டிய அவசரம். மேலே சொன்ன வாக்குமூல விதி ஏன் பிறந்தது என்று இந்தப் படம் உடம்பு வலிக்கக் காட்டும். காவல் மரணம் நடந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விதி இருந்தும் அறைக்குள் இருப்பவருக்கு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். தனியாக, ராத்திரி நேரத்தில் பார்க்க வேண்டாம். இரண்டாம் பாதி கனமானது.

அடுத்து ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த 'த்ரிஷ்யம்' (2013), அல்லது அவரே தமிழில் எடுத்த 'பாபநாசம்' (2015). சீனா வரைக்கும் போய் ரீமேக் ஆன கதை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு கேபிள் டி.வி. காரர் போலீஸை எதிர்கொள்கிறார். பஸ் டிக்கெட், ஹோட்டல் பில், தியேட்டர் டிக்கெட் என்று சின்னச் சின்னத் தாள்கள் படம் முழுக்க வருகின்றன. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அவருக்காகச் சாட்சி சொல்லும் அக்கம்பக்கத்தார் யாரும் பொய் சொல்வதில்லை. முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை, முதல் அரைமணி நேரத்தை மட்டும், அந்தக் குடும்பம் எதைப் பேசுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள். சும்மா வந்த வேடிக்கைக் காட்சி என்று நினைத்தவை அத்தனையும் பின்னால் வேலை செய்யும்.

கார்த்திக் நரேனின் 'துருவங்கள் பதினாறு' (2016) இந்தப் பகுதியின் கடைசி. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் பழைய வழக்கைச் சொல்லச் சொல்ல நாம் கேட்கிறோம். சொல்பவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்ற கேள்வியோடு பார்த்தால் போதும். அதற்கு மேல் எழுதினால் படத்தைக் கெடுத்ததாகிவிடும்.

படங்கள் வழக்கமாகத் தப்பாகக் காட்டுபவை

'இன்னும் முப்பது செகண்ட் பேச வை, லொகேஷன் கிடைச்சிடும்' என்ற வசனத்தை மறந்துவிடுங்கள். போன் இணைப்பு ஏற்பட்ட உடனே எந்த டவர் என்பது பதிவாகிவிடும். போலீஸ் வாங்கும் சி.டி.ஆர். என்ற பட்டியலில் அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, நேரம், பேசிய விநாடிகள், தொடக்க டவர், முடிவு டவர், கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும். என்ன பேசினார்கள் என்பது இருக்காது. பேச்சைக் கேட்க மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். டவர் காட்டுவதும் ஒரு வட்டாரத்தைத்தான், வீட்டு வாசலை அல்ல. நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர். சிம்மை மாற்றினாலும் கைபேசி அதேதான் என்றால் ஐ.எம்.இ.ஐ. காட்டிக்கொடுத்துவிடும், நன்றாக எழுதப்பட்ட வில்லன் கைபேசியையும் சேர்த்து வீசுவான்.

சி.சி.டி.வி. காட்சியைப் பென் டிரைவில் போட்டு நீதிபதியிடம் நீட்டினால் எடுபடாது. அந்த மின்னணு ஆதாரத்தோடு அதற்கான சான்றிதழும் வர வேண்டும். பழைய சட்டத்தில் 65பி, புதியதில் 63.

பிரேதப் பரிசோதனை டாக்டர் 'சரியாகப் பத்தேகாலுக்கு' என்று சொன்னால் நம்பாதீர்கள். வெயில், உடல்வாகு, சாவதற்கு முன் ஓடினாரா என்பதையெல்லாம் பொறுத்து உடல் விறைப்பது மாறும். நேர்மையான டாக்டர் சில மணி நேர இடைவெளியைத்தான் சொல்வார். நள்ளிரவில் கொலைப் பிணத்தை அறுக்கும் காட்சியும் அப்படித்தான். வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவுப் பரிசோதனைக்கு 2021-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தபோதும் கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இல்லாதபட்சத்தில், விலக்கியே வைத்தது.

நார்கோ ஊசி போட்டு உண்மையைக் கக்க வைப்பதும் சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. என்கவுன்ட்டருக்குப் பிறகு மாலை போட்டுக் கொண்டாடும் காட்சிக்கும் இதே கதி. ஒவ்வொரு என்கவுன்ட்டர் சாவுக்கும் எஃப்.ஐ.ஆர்., சுதந்திரமான புலனாய்வு, மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும் என்றும், உடனடிப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது என்றும் 2014-ல் அதே நீதிமன்றம் வரையறுத்தது.

தவறு செய்கிற படத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவசரத்தில் வந்த தவறா, கதைக்காகத் தெரிந்தே வளைத்ததா என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

உளவுக் கதைக்குப் போகும் முன்

எந்த நிறுவனம் எது என்று தெரியாமல் இந்தப் பக்கம் வந்தால் எழுத்துச் சுருக்கங்களில் மூச்சு முட்டும். ஐ.பி. உள்நாட்டு உளவுக்கு; 1887 வரை வேர் ஓடும் பழைய அமைப்பு, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 'ரா' வெளிநாட்டு உளவுக்கு. 1962, 1965 போர்களில் பட்ட பாடத்தால் 1968 செப்டம்பரில் ஐ.பி.யிலிருந்து பிரித்து உருவாக்கினார்கள். முதல் தலைவர் ஆர்.என். காவ். அது கேபினட் செயலகத்தின் கீழ் இருக்கிறது. இரண்டுக்குமே நாடாளுமன்றச் சட்டம் எதுவும் அடித்தளமாக இல்லை, கைது அதிகாரமும் இல்லை. ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் மாநில போலீஸைத்தான் கூப்பிட வேண்டும். என்.ஐ.ஏ. வேறு: மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008-ல் சட்டம் போட்டு அமைத்த புலனாய்வு அமைப்பு, கைது செய்யும், வழக்கு நடத்தும். சி.பி.ஐ. ஒரு மாநிலத்துக்குள் வர மாநில அரசின் இசைவு வேண்டும், அல்லது கோர்ட் உத்தரவு வேண்டும். தமிழ்நாடு தன் பொது இசைவை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. ஆகவே 'கேஸ் சி.பி.ஐ.க்குப் போயிடுச்சு' என்ற வசனத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் கோர்ட் படி ஏறியிருக்க வேண்டும்.

இன்னொரு திருத்தம். படங்கள் ஹீரோவை 'ரா ஏஜென்ட்' என்கின்றன. அந்தத் தொழிலில் சம்பளம் வாங்குபவர் அதிகாரி. அவர் பிடித்து வைத்திருக்கும் ஆள்தான் ஏஜென்ட். ஏதோ ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக, டிரைவராக, தட்டச்சராக இருப்பவர். தூதரகத்தில் பதவி போட்டு அனுப்பப்பட்ட அதிகாரி மாட்டிக்கொண்டால் தூதரகப் பாதுகாப்பு உண்டு. நாட்டை விட்டு வெளியேற்றுவார்கள், அவ்வளவுதான். ஏஜென்ட் மாட்டினால் சிறை, அல்லது தூக்கு. நல்ல உளவுக் கதைகளின் மனச்சாட்சி இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது.

உண்மையான உளவு எப்படி இருக்கும் என்று பார்க்க டெல்லியில் 1985 ஜனவரியில் வெளிவந்த கூமர் நாராயண் வழக்கைத் தேடிப் படியுங்கள். பிரதமர் அலுவலகம் உட்பட முக்கிய அலுவலகங்களின் ரகசியத் தாள்கள் வெளியே போய், ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, திரும்பி வந்தன. கடத்தியவர்கள் உதவியாளர்களும் கீழ்நிலை ஊழியர்களும்தான். துப்பாக்கி, துரத்தல் எதுவும் கிடையாது. ஒரு ஜெராக்ஸ் மிஷின் போதுமாயிருந்தது.

உளவுப் படங்கள்

'குருதிப்புனல்' (1995) இங்கே முதல் படம். கோவிந்த் நிஹலானியின் இந்திப் படத்திலிருந்து பி.சி. ஸ்ரீராம் தமிழில் எடுத்தது. இதிலும் பாட்டு இல்லை. தீவிரவாதக் குழுவுக்குள் ஆளை நுழைத்துவிட்டு வெளியே காத்திருப்பவர்களின் கதை. உள்ளே போனவனைவிட, அவனை அனுப்பியவன் எப்படி உடைகிறான் என்பதைப் பாருங்கள். மேலே சொன்ன அதிகாரி-ஏஜென்ட் கணக்கு இதில் தலைகீழாகிறது.

'ராஸி' (2018) 1971-ல் நடக்கிறது. ஹரிந்தர் சிக்காவின் நாவலை வைத்து மேக்னா குல்சார் எடுத்தார். பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகும் பெண்தான் இங்கே ஏஜென்ட். எதிரி வீட்டு மனிதர்களை நல்லவர்களாகவே வைத்ததுதான் இந்தப் படத்தின் பலம். வேலை முடிய முடிய அவளுக்கு நெஞ்சு கனக்கிறது, நமக்கும்தான்.

'மெட்ராஸ் கஃபே' (2013) இலங்கைப் போரையும் ராஜீவ் காந்தி கொலையையும் பெயர் மாற்றிச் சொல்கிறது. தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. துண்டு துண்டாகக் கிடைத்த தகவல்களை ஒன்றுசேர்க்க முடியாமல் அமைப்பு தோற்பதை அது நன்றாகக் காட்டுகிறது. ஈழத் தமிழர் பக்கம் நின்று ஒரு காட்சியாவது யோசித்ததா என்றால் இல்லை. 'தி ஃபேமிலி மேன்' தொடரின் 2021-ல் வந்த இரண்டாம் பருவத்தின் மேலும் இதே குறை இங்கே பலமாக எழுந்தது. ஆனாலும் அந்தத் தொடரை முதல் பருவத்திலிருந்து (2019) பாருங்கள். வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் துரத்துகிற அரசு ஊழியராக உளவு அதிகாரியை இவ்வளவு நெருக்கமாகக் காட்டியது அதுதான். அதில் வரும் 'டாஸ்க்' என்ற பிரிவு கற்பனை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பகுதியைத் தமிழ் டப்பிங்கில் பார்க்காதீர்கள். உளவுக் கதையில் யார் எந்த மொழியில் பேசுகிறார், பக்கத்தில் நிற்பவருக்கு அது புரியுமா என்பதே பாதி கதை. எல்லோரையும் ஒரே தமிழில் பேசவைத்துவிட்டால் ஒட்டுக்கேட்கும் காட்சிக்கு அர்த்தமே இல்லாமல் போகும். மூல மொழியும் வசன வரியும் போதும். யூடியூபில் 'முடிவு விளக்கம்' பார்ப்பதும் படம் முடிந்து ஒரு நாள் கழியட்டும். அதற்குள் ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள்: எந்த மணிக்கு யாருக்கு எது தெரியும்? ஓட்டை இருந்தால் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

புத்தகங்கள்

சுஜாதாவின் 'நைலான் கயிறு' (1968) மெலிந்த புத்தகம், ஒரே மூச்சில் முடியும். கணேஷ் ஒரு வக்கீல் என்பதால் கண்டுபிடிப்பதோடு கதை நிற்காது, நிரூபிக்கவும் வேண்டும், எஃப்.ஐ.ஆர். படித்த கையோடு இதைப் படித்தால் கூடுதலாக ருசிக்கும். வங்காளத்திலிருந்து சரதிந்து பந்தோபாத்யாயின் பியோம்கேஷ் பக்ஷி கதைகளில் ஒரு தொகுப்பு. 1932-ல் பிறந்த இந்தப் பாத்திரம் துப்பறிபவன் என்ற பட்டத்தை வேண்டாம் என்று சொல்லித் தன்னை 'சத்தியான்வேஷி' என்று அழைத்துக்கொள்கிறது. குற்றவாளியை எப்போது போலீஸிடம் கொடுக்க வேண்டும் என்பதில் அந்தச் சொல்லுக்கு ஏற்பவே நடந்துகொள்ளும்.

உளவுப் பக்கம் 'ரா'வில் பல ஆண்டுகள் பணியாற்றிய பி. ராமன் 2007-ல் எழுதிய 'தி காவ்பாய்ஸ் ஆஃப் ரா'. சாகசம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். யார் யாரிடம் எந்தக் குறிப்பை அனுப்பினார், யார் படிக்காமல் வைத்தார் என்பதுதான் அதில் அதிகம். படங்களைப் பார்த்து முடித்தபின் படித்தால் அந்தக் குறிப்புகளே திகிலாக இருக்கும்.

நாலாவது, ராஜீவ் கொலை வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன் தமிழில் எழுதிய நூல். 'மெட்ராஸ் கஃபே' பார்த்த வாரத்திலேயே படியுங்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது படமெடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபுவும் இறந்துபோனார். அவர் உடலருகே கேமரா கிடந்தது, உள்ளே ஃபிலிம் கெடாமல் இருந்தது. கழுவிப் பார்த்தபோது மனித வெடிகுண்டாக வந்த தணு மாலையோடு காத்திருப்பது தெரிந்தது. குர்தா பைஜாமாவில் நோட்டுப் புத்தகத்தோடு நிருபர் போல நின்ற ஒருவன் தெரிந்தான். அவன்தான் சிவராசன்; அவனைத் தேடும் வேலை அந்தச் சட்டகத்திலிருந்துதான் ஆரம்பித்தது. வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 மே 11-ல் கொடுத்த தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புத்தகத்தை ஒரு பக்கமும் தீர்ப்பை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் எஸ்.பி. முன் கொடுக்கப்பட்ட வாக்குமூலங்கள் அங்கே எப்படிச் செல்லுபடியாயின என்று மட்டும் தேடிப் படியுங்கள். நாம் பிடித்துக்கொண்ட அந்த விதியை ஒரு தனிச் சட்டம் எப்படித் தாண்டியது என்பது அதில் இருக்கிறது.